பத்து எல்க்குகளும் ஒரு வேலியும்

ஊட்டியில் எல்க் ஹில் என்றொரு மலை இருக்கிறது. அதன் சரிவில் ஒரு முருகன் கோயில், வெட்டவெளியில் நெடிதுயர்ந்து நிற்கும் முருகன் சிலை. பள்ளி நாட்களில் டூர் போனபோது பார்த்திருக்கிறேன். எல்க் என்றால் என்னவென்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த மலையில் எல்க் என்ற விலங்கு ஒருநாளும் இருந்ததில்லை என்று. நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நம்ம மிளாவைப் பார்த்துத்தான் எல்க் என்றார்கள். இலங்கையிலும் இதே கதைதான். நுவரெலியா காடுகளில் சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களோடு துரத்தித் துரத்திக் கொன்ற 'எல்க்'கும் மிளாதான்.

வட அமெரிக்காவிலும் இந்தப் பெயர் இடம் மாறித்தான் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் எல்க் என்றால் அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்லும் விலங்கு. கடல் தாண்டிப் போனவர்கள் அங்கே வேறொரு பெரிய மானைக் கண்டு அதற்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு பெயர், மூன்று கண்டங்கள், மூன்று விலங்குகள். பெரிய மான் எதைப் பார்த்தாலும் எல்க்!

அசல் அமெரிக்க எல்க்கை நான் முதன்முதலில் பார்த்தது காட்டில் இல்லை, கடற்கரையில். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயின்ட் ரெயஸ் என்ற இடம். அதன் வடமுனையில் டொமாலஸ் முனை விரல் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. நடக்கும்போது இடது கைப்பக்கம் பசிபிக், வலது கைப்பக்கம் டொமாலஸ் விரிகுடா. ஆகஸ்ட் மாதம் என்று பெயர்தான், ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிர். பனிமூட்டம் விலகிய ஒரு நிமிடத்தில், புதர்களுக்கு நடுவே முப்பது நாற்பது எல்க்குகள். கிளைத்த கொம்போடு ஒரு ஆண் கழுத்தை நீட்டிக் கத்தியது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய குரலா என்று ஆச்சரியமாக இருந்தது. துருப்பிடித்த கேட்டை யாரோ மெதுவாகத் திறப்பது போல ஒரு சத்தம். அதற்குப் பின்னால் அலை.

"இவ்ளோ பக்கத்துல நிக்குதே, பயமே இல்லையா இதுக்கு?" என்றான் கூட வந்த நண்பன்.

நாற்பது போட்டோ எடுத்தேன். 'கடலோரக் காட்டுயிர், முழுச் சுதந்திரம்' என்கிற மாதிரி ஏதோ எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டதும் ஞாபகம் இருக்கிறது. வரும் வழியில் எங்கள் கார் ஓர் உயரமான கம்பி வேலியைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வேலியின் கதை.

*

1579இல் பிரான்சிஸ் டிரேக் தன் கப்பலைப் பழுது பார்க்க இந்தக் கரையோரம் ஒதுங்கினார். அந்த இடம் பாயின்ட் ரெயஸில் உள்ள டிரேக்ஸ் விரிகுடாதான் என்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. பயணக் குறிப்புகளை வைத்து அவரது மருமகன் 1628இல் வெளியிட்ட புத்தகத்தில், கரையிலிருந்து உள்ளே நடந்தபோது மிகப் பெரிய, கொழுத்த மான்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாக மேய்ந்ததைப் பார்த்ததாக வருகிறது. இந்தக் கரையில் எல்க்கைப் பார்த்ததாக எழுத்தில் பதிவான மிகப் பழைய சாட்சியங்களில் இது ஒன்று. ஆனால் எழுதாமல் பார்த்தவர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே இருந்தார்கள். கடலோர மீவோக் மக்கள். அவர்கள் எல்க்கை வேட்டையாடினார்கள், புல்வெளிகளுக்குக் காலமறிந்து நெருப்பு வைத்தார்கள். நெருப்பு வைத்த இடத்தில் புதர் மண்டாது, புதுப்புல் முளைக்கும், எல்க் வரும். டிரேக் 'இயற்கை' என்று பார்த்ததில் பாதி ஒரு சமூகம் பராமரித்து வைத்திருந்த மேய்ச்சல் நிலம்.

இங்கே இருந்தது டூலி எல்க் என்ற வகை. கலிஃபோர்னியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது, எல்க்குகளிலேயே உருவத்தில் சிறியது. டூலி என்றால் சதுப்பில் வளரும் கோரை. நம்ம ஊர்ப் பாய்க்கோரையின் சொந்தக்காரச் செடி. தமிழில் கோரை எல்க் என்றே சொல்லிவிடலாம். ஐரோப்பியர் வருவதற்கு முன் கலிஃபோர்னியா முழுக்க இவை சுமார் 5 லட்சம் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு.

ஸ்பானியப் பாதிரிகள் 1769 முதல் மாடுகளைக் கொண்டுவந்தார்கள். மாடுகளோடு ஐரோப்பியப் புல்விதைகளும் வந்தன. பல்லாண்டு நிற்கும் நாட்டுப்புற்கள் போய், கோடையில் காய்ந்து சாகும் ஒரு வருடப் புற்கள் பரவின. மெக்சிகோ ஆட்சியில் கலிஃபோர்னியாவின் பொருளாதாரம் என்றால் தோலும் கொழுப்பும்தான். மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் கொழுப்பு வேண்டும். மாட்டுக் கொழுப்பைவிட எல்க் கொழுப்புக்கு மதிப்பு அதிகம். 1846இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோசப் வாரன் ரெவியர் பாயின்ட் ரெயஸில் ரஃபேல் கார்சியா என்ற நிலக்கிழாரின் ஆட்களோடு எல்க் வேட்டைக்குப் போய், அதைப் பற்றி விலாவாரியாக எழுதியிருக்கிறார். குதிரை மேலிருந்து சுருக்குக் கயிறு வீசிப் பிடிக்கும் வேட்டை அது. கோடை முடிவில் எல்க் நன்றாகக் கொழுத்திருக்கும், வேகமாக ஓட முடியாது. அதுதான் சீசன்.

1848இல் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடமே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டுமே? கறிக்கடைக்காரர்களுக்கு எல்க் என்பது வளர்க்கச் செலவில்லாத மாடு. அடுத்த இருபது வருடத்துக்குள் பாயின்ட் ரெயஸில் ஒரு எல்க்கும் இல்லை. காலியான அந்தப் புல்வெளியை ஷாஃப்டர் என்ற வக்கீல் சகோதரர்கள் கைப்பற்றி, பால்பண்ணைகளாகக் கூறு போட்டார்கள். பண்ணைகளுக்குப் பெயர் வைக்கக்கூட மெனக்கெடவில்லை, ஏ, பி, சி என்று எழுத்துகள்தான். டொமாலஸ் முனையை மட்டும் 1858இல் சாலமன் பியர்ஸ் என்பவர் வாங்கினார். பாயின்ட் ரெயஸ் வெண்ணெய் கப்பலேறி சான் ஃபிரான்சிஸ்கோ போயிற்று. கடல் பனியால் வறண்ட மாதங்களிலும் புல் ஈரமாக இருக்கும், அதனால் நல்ல பால். எல்க்குக்குப் பிடித்த அதே காரணம்தான் மாட்டுக்கும்.

*

1873இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் எல்க் வேட்டையைத் தடை செய்தது. தடை செய்ய எதுவும் மிச்சமில்லை என்றே அப்போது பலரும் நினைத்திருந்தார்கள். அடுத்த வருடம், மாநிலத்தின் உள்பகுதியில் பட்டன்வில்லோ அருகே, பியூனா விஸ்டா ஏரியை ஒட்டிய கோரைச் சதுப்பில் ஒரு ஜோடி எல்க் கண்ணில் பட்டது.

அந்தச் சதுப்பு யாருடையது? ஹென்றி மில்லருடையது. ஜெர்மனியில் ஹைன்ரிக் கிரைசராகப் பிறந்தவர். ஹென்றி மில்லர் என்ற பெயரில் எழுதியிருந்த கப்பல் டிக்கெட்டை ஒரு செருப்பு வியாபாரியிடமிருந்து வாங்கி வந்ததால், இறங்கிய பின் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார் என்பார்கள். 1850இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கறிக்கடைத் தொழிலாளி. பிறகு சார்லஸ் லக்ஸோடு கூட்டுச் சேர்ந்து, 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் நிலம் வைத்திருந்த மாட்டு முதலாளி. கால்வாய் வெட்டிச் சதுப்புகளை வடித்ததும், மேய்ச்சல் நிலம் முழுவதையும் மாட்டுக்கு ஆக்கியதும் இவரைப் போன்றவர்கள்தான். எல்க்கின் வீட்டை இடித்தவரே கடைசி எல்க்குகளைத் தொடக் கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மனசாட்சியா? பணக்காரரின் ஆசையா? எதுவாக இருந்தாலும் கணக்கு இதுதான். இன்று உயிரோடிருக்கும் ஒவ்வொரு டூலி எல்க்கும் அந்தச் சதுப்பில் மிஞ்சிய விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றின் வம்சம். இன்றைக்கும் மரபணு ஆய்வுகளில் அந்த நெருக்கடியின் தழும்பு தெரிகிறது. ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருங்கிய உறவு.

1895இல் எண்ணியபோது 28. அதன் பிறகு பெருகி, மில்லரின் பயிரிலேயே வாய் வைத்தன. கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரே அரசிடம் கேட்கும் நிலை. 1904இல் மாட்டுக்காரர்களை வைத்துக் கயிறு வீசிப் பிடிக்க முயன்றார்கள். பிடிபட்ட அதிர்ச்சியிலேயே சில எல்க்குகள் செத்தன. அடுத்த வருடம்தான் விலங்கியலாளர் மெரியம் இவற்றுக்கு அறிவியல் பெயரே வைக்கிறார்: நானோடஸ், குள்ளமானது.

1932இல் டப்மன் என்ற ஊருக்கருகே 953 ஏக்கரை வளைத்து, மிச்சமிருந்த எல்க்குகளை மாநில அரசு உள்ளே விட்டது. கோரை எல்க்கின் வரலாற்றில் வேலி வருவது இங்கேதான். பிறகு அங்கே ஓடிய கெர்ன் ஆற்று நீரைப் பாசனத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கோரை காய்ந்தது. சதுப்பில் வாழ்ந்த மான் கட்டாந்தரையில் வைக்கோல் தின்று உயிர் வாழ்ந்தது. காப்பாற்றுவது என்றால் வளைத்துப் போடுவது, வளைத்துப் போட்டால் தீனி போட்டாக வேண்டும். இந்தப் பாடத்தை 1930களிலேயே படித்திருக்கலாம்.

*

1960இல் பியூலா எட்மிஸ்டன் என்ற பெண்மணி டூலி எல்க்கைப் பாதுகாக்க ஒரு குழுவைத் தொடங்கினார். பத்து வருடத்துக்கும் மேல் விடாத போராட்டம். 1971இல் சட்டம் வந்தது. மாநிலத்தில் எண்ணிக்கை 2000ஐத் தொடும்வரை வேட்டை கிடையாது, அதோடு தகுந்த இடங்களில் அரசே இவற்றைக் குடியேற்ற வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்தவர் பீட்டர் பேர் என்ற செனட்டர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, பாயின்ட் ரெயஸ் கடற்கரை மனைகளாக விற்கப்படாமல் தடுக்க இயக்கம் நடத்தியவரும் அவரே.

அந்தக் கடற்கரை 1962இல் கென்னடி கையெழுத்தில் தேசியக் கடற்கரைப் பூங்காவாகியிருந்தது. பண்ணைகளை அரசு விலை கொடுத்து வாங்கியது. ஆனால் குடும்பங்களை வெளியேற்றவில்லை. வாங்கிய நிலத்தையே குறிப்பிட்ட காலத்துக்கு அவர்கள் பயன்பாட்டுக்கு விட்டது, காலம் முடிந்தபோது குத்தகைக்கும் விட்டது. அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றுக்குள் பால்பண்ணை நடக்கிற விநோதம் அப்படித்தான் உண்டானது.

1978இல் லாஸ் பானோஸ் பக்கமிருந்து பத்து எல்க்குகள் லாரியில் வந்தன. 2 ஆண், 8 பெண். லாஸ் பானோஸ், பழைய மில்லர் கம்பெனியின் தலைமைப் பண்ணை இருந்த ஊர். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து இந்தக் கடலைப் பார்த்த முதல் எல்க்குகள் இவை. இறக்கிவிட்ட இடம் டொமாலஸ் முனை, சுமார் 2600 ஏக்கர். மூன்று பக்கம் கடல் நீர். நாலாவது பக்கம், முனையின் கழுத்துப் பகுதியில், 8 அடி உயர வேலி.

வேலி எதற்கு? அடுத்த பக்கம் பண்ணைகள். எல்க் மாட்டின் புல்லைத் தின்னும், கம்பிகளை உடைக்கும். பண்ணைக்காரர்களின் பயம் பொய்யில்லை. முதலில் எல்க் வரட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்பதாக ஒரு சமரசம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். 'இப்போதைக்கு இப்படி வைப்போம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்று எழுதிய கோடு எத்தனை வருடம் ஓடும் என்பது எனக்குத் தெரியும். எழுதியவன் வேலையை விட்டுப் போயிருப்பான், அது ஓடிக்கொண்டிருக்கும். இந்த வேலி 46 வருடம் ஓடியது.

பத்து, நூறானது. 90களில் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த எல்க்குகளுக்குக் கருத்தடை ஊசிகூடப் போட்டுப் பார்த்தார்கள். வேறெங்காவது அனுப்பலாம் என்றால் இன்னொரு சிக்கல். மாடுகளின் குடலைத் தாக்கும் ஜோனிஸ் நோய் முனையின் மண்ணில் இருந்தது, எல்க்குக்கும் தொற்றியிருந்தது. நோயுள்ள மந்தையை வெளியே அனுப்ப முடியாது. 90களின் கடைசியில், சோதித்துத் தேர்ந்தெடுத்த 28 எல்க்குகளை மட்டும், நோய் இல்லை என்று உறுதி செய்து, பூங்காவின் தெற்கே லிமன்டூர் பகுதியில் வேலியில்லாமல் விட்டார்கள். அவற்றில் சில தாமாகவே நடந்து டிரேக்ஸ் கடற்கரைப் பக்கம் போய்த் தனி மந்தையாயின. டிரேக் இறங்கிய அதே விரிகுடா.

*

2012இல் வேலிக்குள் 540 எல்க்குகள். பிறகு பெரும் வறட்சி. 2014இல் எண்ணியபோது 286.

இரண்டே வருடத்தில் 250க்கும் மேல் போய்விட்டன. அதே காலத்தில் வேலிக்கு வெளியே இருந்த மந்தைகள் குறையவில்லை, கூடின. வானம் ஒன்றுதான், வறட்சி ஒன்றுதான். வித்தியாசம், வெளியே இருந்தவை நடந்து போய் வேறு புல்லும் வேறு ஓடையும் தேட முடிந்தது.

2020இல் மறுபடியும். 445 இருந்த மந்தை, அடுத்த கணக்கெடுப்பில் 293. தாகத்தால் சாகின்றன என்று போராட்டக்காரர்கள் தண்ணீர் கேன்களைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். தண்ணீர் இருக்கிறது, சத்துள்ள புல் இல்லாததுதான் காரணம் என்றது பூங்கா நிர்வாகம். செத்த உடல்களைச் சோதித்ததில் பட்டினியின் அடையாளங்கள்தான் இருந்தன. எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. 2021இல் வேலிக்குள் தண்ணீர்த் தொட்டிகளும் தாது உப்புக் கட்டிகளும் வைத்தார்கள். டப்மன் மறுபடியும்.

இதைப் படித்த அன்றைக்குத்தான் என் பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். நண்பன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிந்தது. அவை நமக்குப் பயப்படாமல் பக்கத்தில் நிற்கவில்லை. தள்ளிப் போக அங்கே அதிக இடம் இல்லை. டொமாலஸ் முனைக்குப் போனால் எல்க் நிச்சயம் என்று எல்லா டிராவல் பதிவுகளும் சொல்லும். அந்த 'நிச்சயம்' வேலி கொடுத்தது. நான் ரசித்த காட்சிக்கான விலையை அவை செலுத்திக்கொண்டிருந்தன.

இதைச் சொல்லிவிட்டுப் பண்ணைக்காரர்களை வில்லனாக்கிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர்களும் நான்கைந்து தலைமுறையாக அதே பனியில் அதிகாலை எழுந்து பால் கறந்தவர்கள். அசோரஸ் தீவுகளிலிருந்தும் சுவிஸ் மலைகளிலிருந்தும் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர். பூங்கா வேண்டுமென்று நிலத்தை விற்றபோது, தொடர்ந்து தொழில் செய்யலாம் என்ற நம்பிக்கையில்தான் விற்றார்கள். 2021இல் அரசு போட்ட திட்டம் அவர்களுக்கு 20 வருடம் வரை குத்தகை தருவது, டிரேக்ஸ் கடற்கரை மந்தையை 140க்கு மேல் போகாமல் சுட்டுக் குறைப்பது என்றிருந்தது. சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2025 ஜனவரியில் சமரசம் அறிவிக்கப்பட்டது. இழப்பீடு பெற்றுக்கொண்டு 12 பண்ணைகள் 15 மாதத்தில் வெளியேறும். பேச்சுவார்த்தை மேசையில் இல்லாதவர்களும் இருந்தார்கள். அந்தப் பண்ணை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கர்கள். நிலமும் அவர்களுடையதில்லை, மாடும் அவர்களுடையதில்லை. வீடு மட்டும் போயிற்று.

அதற்கு முந்தின மாதம், 2024 டிசம்பரில், டொமாலஸ் முனை வேலியை எடுத்துவிடுவதென்று பூங்கா நிர்வாகம் முடிவெடுத்து, வேலியைப் பிரிக்கத் தொடங்கியது. அந்த நிலத்தின் மேலாண்மையில் இப்போது கடலோர மீவோக் மக்களின் வழித்தோன்றல்களான கிரேட்டன் ரான்செரியா பழங்குடிக் கூட்டமைப்புக்கும் பங்கு உண்டு. 2021இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. நெருப்பு வைத்துப் புல் வளர்த்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், புல்லைப் பற்றிப் பேசும் இடத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இன்று கலிஃபோர்னியாவில் டூலி எல்க் 5,500க்கும் மேல் இருக்கின்றன. விரல் விட்டு எண்ணிய இடத்திலிருந்து இது பெரிய எண்தான். 5 லட்சத்திலிருந்து பார்த்தால் நூற்றில் ஒன்று.

வேலி விழுந்த செய்தியை நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்ப இனிமே போனா எல்க் பாக்க முடியாதா?" என்று பதில் வந்தது. பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். நாலு மணி நேரம் நடந்து, பனியில் நனைந்து, ஒன்றைக்கூடக் காணாமல் திரும்ப வேண்டி வரலாம். அப்படித் திரும்பினால், அவை வேறெங்கோ நல்ல புல்லாகப் பார்த்துப் போயிருக்கின்றன என்று அர்த்தம். அதற்காக இன்னொரு முறை போக வேண்டும்.